தம்பியின் குடியை நிறுத்த கோத்தகிரிப் பக்கம் குழு உண்டா? ஓர் அக்காவுக்கு எழுதிய பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலைமையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். உங்களுக்குக் கோத்தகிரியை ஒட்டிய ஊர். தம்பிக்கு 34 வயது. ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, மிச்ச நேரத்தில் வாடகைக்கு ஜீப் ஓட்டுகிறான். தினமும் இரண்டு குவார்ட்டர், இலைப் பணம் வந்த நாளில் கணக்கே கிடையாது. போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டான். இரண்டாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்து விழுந்தான். ஊரில் ‘சாமி குத்தம்’ என்றார்கள், மாலையைக் கழற்றினான், மறுபடி குடித்தான். இப்போது அவனே, ‘எனக்கு இது வேண்டாம்க்கா, எங்கேயாவது கூட்டிட்டுப் போ’ என்கிறான். குடியை விட்டவர்கள் கூடுகிற குழு பக்கத்தில் இருக்கிறதா, ஊருக்குத் தெரியாமல் அவன் போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அந்த வழியில் வந்தவன்தான். குன்னூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் 22 வருடம் டீ மேக்கராக இருந்தேன். இலையை வாட்டப் போட்டுவிட்டு விடிய விடியக் கண்விழிக்கிற வேலை. குளிரைச் சாக்காக வைத்து ஆரம்பித்த குடி, கடைசியில் பகலிலும் நடுங்காமல் இருப்பதற்காகக் குடிப்பதில் வந்து நின்றது. விட்டு 17 வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்த மலையில் பல பேரை ஆஸ்பத்திரிக்கும் மீட்டிங்குக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறேன். அதில் கற்றது ஒன்று உண்டு. குழுவைத் தேடி அலைவதைவிட, குடியை விட்ட ஒரே ஒரு ஆளைத் தேடுவது சுலபம். அந்த ஆள் கிடைத்தால் குழுவும் கிடைத்துவிடும். இதை விளக்கமாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவசரமான காரியம் வேறு இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு வந்தது சாமி குத்தம் கிடையாது. தினமும் அதிகமாகக் குடிக்கிற உடம்பு, சாராயம் திடீரென்று நின்றால் தாங்காது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்கு மேல் மூன்றாம் நாள், நான்காம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சல் கொதிக்கும். அந்தக் கட்டத்தில் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு அடுத்த தடவையும் வர வாய்ப்பு அதிகம். அதனால் தம்பி இன்றைக்கே வைராக்கியமாக நிறுத்தப் போகிறேன் என்றால், தயவுசெய்து வீட்டில் வைத்து நிறுத்த விடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கிற நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மாலை போட வேண்டும் என்றாலும் அப்படித்தான். சிகிச்சை முடிந்து உடம்பு தெளிந்த பிறகு தாராளமாகப் போடட்டும், ஐயப்பன் காத்திருப்பார்.

போக வேண்டிய இடம் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. கோத்தகிரியிலிருந்து 30 கிலோமீட்டர்தான். மனநலம் என்றதும் வீட்டில் யாராவது முகம் சுளிப்பார்கள், ‘அவன் என்ன பைத்தியமா’ என்பார்கள். குடிநோய்க்கு வைத்தியம் பார்ப்பது அந்தப் பிரிவுதான், அவ்வளவுதான் விஷயம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாளில் வருவார்கள். கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை என்று ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். போனில் பேசித் தெளிவு வேண்டுமென்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம். வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேரே 108.

மருத்துவர் முதலில் கேட்பது ‘ஒரு நாளைக்கு எவ்வளவு’ என்பதைத்தான். எந்தக் குடிகாரனும் இதற்கு உண்மை சொல்ல மாட்டான். நானும் பாதிதான் சொன்னேன். நம் மாவட்டத்தில் 2022 மே மாதத்திலிருந்து காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கிறது இல்லையா, அதற்காகச் சாக்கில் சேர்த்து வைத்திருப்பான். ஒரு வாரத்துப் பாட்டிலை எண்ணி ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 60 கிராம் அளவுக்கு இருக்கிறது. இரண்டு குவார்ட்டர் என்றால் 120 கிராம். மருத்துவர் மாத்திரையின் அளவை முடிவு செய்ய அந்தக் கணக்கு உதவும். காலையில் எழுந்ததும் குடிக்கிறானா, முன்பு வலிப்பு வந்ததா, சாப்பாடு எப்படி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நம் ஊர்களில் குடித்துத் துவண்டு கிடந்தால் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போய் ‘ஒரு குளுக்கோஸ் போடுங்க’ என்போம். பல நாள் சாப்பிடாமல் குடித்தவரின் உடம்பில் வைட்டமின் பி1 வற்றிப் போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ‘இவர் தினமும் குடிப்பவர்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள், பி1 ஊசியை முதலில் போடுவார்கள். அடுத்தது, ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அந்தப் பொடி. அப்படிக் கலந்து கொடுக்கப்படுவதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருப்பதுண்டு. அதைத் தின்ற பிறகு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, நெஞ்சே நின்றுபோக முடியும். நல்ல மருந்துதான், ஆனால் குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டியது. தெரியாமல் கொடுப்பது அவனை ஏமாற்றுவதோடு நிற்காது. உங்கள் வீட்டுச் சோற்றை அவன் ஆயுசுக்கும் நம்ப மாட்டான்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மலையில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். குடித்தால் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் விரியும், அதனால் சூடு ஏறுகிற மாதிரி இருக்கும். உண்மையில் உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். டிசம்பர் மாத உறைபனியில் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடப்பவர் விறைத்துப் போவது அதனால்தான். ‘குளிருக்குக் கொஞ்சம்’ என்று தம்பிக்கு நீட்டுகிற சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது குழுவுக்கு வருகிறேன்.

நீங்கள் தேடுவதற்குப் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். எல்லாரும் ஏ.ஏ. என்றுதான் சொல்வார்கள். அது தொடங்கிய கதையில் உங்கள் கேள்விக்கே பதில் இருக்கிறது, கேளுங்கள். 1935 மே மாதம். அமெரிக்காவில் பில் என்ற பங்குத் தரகர். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. வியாபார விஷயமாக அக்ரான் என்ற ஊருக்கு வந்தார், காரியம் கெட்டுப்போனது. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்துச் சிரிப்புச் சத்தம். குடித்துவிடுவோம் என்று பயம் வந்ததும், அங்கே இருந்த பட்டியலைப் பார்த்து தேவாலயத்துக்குப் போன் போட்டார். ‘இந்த ஊரில் குடியால் அவதிப்படுகிற ஒருவரோடு நான் பேச வேண்டும்’ என்று கேட்டார். கைமாறிக் கைமாறி பாப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். கால் மணி நேரம் பேசலாம் என்று வந்த மருத்துவர், மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். அவர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ.வின் பிறந்தநாள் என்கிறார்கள். இந்தியாவுக்கு அது 1957-ல் வந்தது.

அன்றைக்குப் பில் கையில் குழுவும் இல்லை, முகவரியும் இல்லை. ஒரு ஆளைத்தான் தேடினார். கோத்தகிரியிலும் குன்னூரிலும் நீங்கள் செய்ய வேண்டியது அதையேதான்.

எங்கே கேட்பது? மும்பையில் இருக்கிற ஏ.ஏ. இந்தியப் பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களும் தொடர்பு எண்களும் கிடைக்கும். நீலகிரிக்கும் பாருங்கள், கோயம்புத்தூருக்கும் பாருங்கள். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிப் பஸ் ஏறிவிடாதீர்கள். இந்தக் கூட்டங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பள்ளிக்கூட அறை, தேவாலயக் கூடம், யாரோ இரங்கிக் கொடுத்த மாடி என்று மாறிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்த வாரம் நடக்காமலும் போகும். அதனால் அந்த எண்ணுக்குப் போன் போட்டு, எடுக்கிற ஆளிடம் பேசுங்கள். எடுப்பவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டராக இருக்க மாட்டார், அவரும் குடியை விட்டவராகவே இருப்பார். கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும், தமிழில் நடக்குமா, வெளியாட்களும் வரலாமா என்பதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக இதைக் கேளுங்கள்: ‘தம்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து நிற்க முடியுமா?’ இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் பெரும்பாலும் ஆள் வரும். ஒருவனை அழைத்து வருவது எங்களுக்கு உபகாரமாகத் தோன்றாது, நாங்கள் குடிக்காமல் இருப்பதற்கான வழியே அதுதான்.

இன்னொரு வழி மனநலப் பிரிவின் நர்சும் ஆலோசகரும். சிகிச்சை முடிந்து தெளிவாக இருக்கிற பழைய நோயாளிகளை அவர்களுக்குத் தெரியும். பெயரை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் ‘என் எண்ணை அவரிடம் கொடுங்கள், அவருக்கு இஷ்டம் இருந்தால் கூப்பிடட்டும்’ என்று சொல்லிவிட்டு வரலாம். எனக்கு அப்படித்தான் முதல் அழைப்பு வந்தது. பங்குத் தந்தையிடமோ பாஸ்டரிடமோ கேட்பதும் நல்லது, நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி. கூட்டத்துக்கு இடம் கொடுப்பவர்கள் பல ஊரில் அவர்கள்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஆதிவாசி ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சும் பழக்கமும் தெரிந்த சுகாதாரப் பணியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். வெளியூர் ஆலோசகர் பத்து நாளில் புரிந்துகொள்வதை அவர்கள் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். ஒரு அறை, பத்துப் பன்னிரண்டு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்கில் டீ. சில ஊரில் நாலு பேர்தான் இருப்பார்கள். தொடங்கும்போது மௌனமாக ஒரு பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராக, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தன் முதல் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தன் கதையைப் பகிர்வார். எப்படிக் குடித்தேன், எதை இழந்தேன், இன்றைக்கு எப்படிக் குடிக்காமல் இருக்கிறேன் என்று. நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். சாதி, சம்பளம், ஊர் எதையும் கேட்க மாட்டார்கள். பதிவேடு கிடையாது. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு உண்டியல் சுற்றி வரும், வாடகைக்கும் டீத்தூளுக்கும் இருப்பவர் போடுவார்கள், முதல் தடவை வருபவர் போட வேண்டாம் என்பார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தம்பி வாயே திறக்காமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். நான் முதல் ஐந்து கூட்டத்தில் டீ மட்டும்தான் குடித்தேன்.

கடவுள் பேச்சு வருமே என்று சிலர் தயங்குவார்கள். ‘நமக்கு மேலான ஒரு சக்தி’ என்றுதான் சொல்வார்கள், அது எது என்பது அவரவர் பாடு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அது ஹெத்தையம்மன், இன்னொருவருக்குப் பழனி முருகன், கம்யூனிஸ்ட் தோழர் ஒருவருக்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேர். ‘உட்கார்ந்து கதை பேசினால் குடி நிற்குமா’ என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 10,500-க்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தது. குடிக்காமல் தொடர்ந்து இருப்பதில், ஏ.ஏ. வழியில் கொண்டு சேர்க்கிற முறையான சிகிச்சை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவும், சிலவற்றில் மேலாகவும் இருந்தது. மாத்திரையும் குழுவும் ஒன்றுக்கொன்று எதிரி கிடையாது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை எந்த மீட்டிங்கில் யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது.

ஊருக்குத் தெரியாமல் போய்வர முடியுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு அதுதான் பெரிய கேள்வி என்று தோன்றுகிறது. சென்னையில் ஒருவன் அடுத்த தெருவில் மீட்டிங்குக்குப் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே பஸ் கண்டக்டருக்கு நம் தாத்தா பெயர் தெரியும். படுகர் ஊரான ஹட்டியில் ஒரு வீட்டு வாசலில் ஜீப் நின்றால் அரை மணியில் எல்லா வீட்டுக்கும் செய்தி போய்விடும். எஸ்டேட் லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலே கேட்கும். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். முதல் எட்டு மாதம் நானே மலையில் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுப்பாளையம் மண்டியில் வேலை என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போவேன். பஸ்ஸுக்கே மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், எங்கள் தெருக் கோடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர். இருவருக்கும் வாயடைத்துப் போனது. கூட்டம் முடிந்து ஒரே பஸ்ஸில் வந்தோம். கல்லாறு தாண்டுகிற வரை பேசவில்லை. பர்லியாறு வந்ததும் அவர்தான் கேட்டார், ‘அடுத்த வாரம் சேர்ந்தே போகலாமா?’ இன்றைக்கு வரைக்கும் ஊரில் என் விஷயம் தெரிந்த முதல் ஆள் அவர், அவர் விஷயம் தெரிந்த முதல் ஆள் நான். இருவரும் எங்கேயும் சொன்னதில்லை. அங்கே பார்த்த ஆளையும் கேட்ட சங்கதியையும் அங்கேயே விட்டுவிட்டு வருவது எழுதாத சட்டம், அதை மீறுகிறவர்கள் மிகக் குறைவு.

ஆகவே தம்பிக்குக் கூச்சம் இருந்தால் முதல் சில மாதம் கீழே கோயம்புத்தூருக்குப் போகட்டும், தப்பில்லை. நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மாலைக் கூட்டம் என்றால் முடிவதற்குள் கோத்தகிரிக்குக் கடைசிப் பஸ் போய்விடக்கூடும், பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாமல் நிற்கிற நேரத்தில் எதிரிலேயே மதுக்கடை இருக்கும், இரவு 10 மணி வரை திறந்திருக்கும். இதில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பகல் கூட்டமாகத் தேர்ந்தெடுங்கள். போனிலேயே நடக்கிற தமிழ்க் கூட்டங்களும் இருக்கின்றன, கொரோனாக் காலத்துக்குப் பிறகு நிறைய வந்துவிட்டன. இரவில் தூக்கம் வராமல் நெளிகிற நேரத்துக்கு அது பெரிய துணை. டவர் கிடைக்கிற இடத்தை மட்டும் முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதையே முழுக்க நம்பி வீட்டுக்குள் இருந்துவிடக் கூடாது. நடுங்குகிற கையை ஒருவர் பிடித்துக்கொள்வது போனில் கிடைக்காது.

ஒன்று மட்டும் மென்மையாகச் சொல்கிறேன். அவன் குடிப்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியக் கூடாது என்று நாம் காப்பாற்றுவது, அவன் அதை நிறுத்தப் போகிறான் என்பதை.

தனியார் மறுவாழ்வு இல்லங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘கூட்டிட்டுப் போ’ என்று தம்பி சொன்னதும் யாராவது ஒரு விசிட்டிங் கார்டை நீட்டுவார்கள். நல்ல இடங்கள் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்த நாட்டுக்கே வழிகாட்டியாக இருந்தது. குடி ஒரு நோய் என்று தமிழ்நாட்டு வீடுகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கெட்ட இடங்களும் உண்டு. என்னை வீட்டார் ஒரு தடவை சமவெளியில் ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். தூக்கத்தில் வண்டியில் ஏற்றினார்கள். 40 நாள். மருத்துவர் என்று ஒருவரை நான் பார்க்கவே இல்லை. நடுக்கம் வந்தவனை அறையில் போட்டுப் பூட்டினார்கள், சத்தம் போட்டவனை அடித்தார்கள். வெளியே வந்த அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடித்தேன். என் அண்ணன் கொடுத்த பணமும் போனது, அண்ணன் மேல் இருந்த நம்பிக்கையும் போனது.

2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்கப்புறமும் பூட்டி வைப்பதுதான் வைத்தியம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. மறுவாழ்வு இல்லங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்த நாளில் வருவார், இரவில் நர்ஸ் இருக்கிறாரா, நீங்கள் போனில் தம்பியோடு பேச முடியுமா என்று கேளுங்கள். படுக்கிற அறையை நேரில் பாருங்கள். ‘நீங்க கவலையே படாதீங்க, நாங்களே வந்து தூக்கிட்டுப் போயிடறோம்’ என்று சொல்கிற இடத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். உங்கள் தம்பி தானாக வருகிறேன் என்கிறான். அந்தச் சொல்லைவிடப் பெரிய மூலதனம் இந்த நோயில் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 2025-ல் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. உள்நோயாளியாகச் சேர வேண்டும் என்றால் எந்த மையத்துக்குப் போகலாம் என்று ஊட்டி மனநலப் பிரிவிலேயே கேளுங்கள். தனியாருக்குக் கொடுக்கிற பணம் மிஞ்சும்.

உங்கள் பக்கத்தில் கூட்டமே தோதாக அமையவில்லை என்றால்? இரண்டு பேர் சேர்ந்தாலே ஏ.ஏ. கூட்டம்தான். நானும் மளிகைக் கடைக்காரரும் அப்படித்தான் மலையில் ஆரம்பித்தோம். செவ்வாய்க்கிழமை கடை அடைத்த பிறகு, அவர் கடைப் பின்கட்டில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து. நாலு மாதம் வேறு ஆள் வரவில்லை. ஐந்தாவது மாதம் மூன்றாவது ஆள் வந்தார், ஒரு லாரி டிரைவர். தம்பி ஓரளவு தெளிந்து, ஆறு மாதம், ஒரு வருடம் ஆன பிறகு, கோத்தகிரியிலேயே அவன் ஒரு அறையைத் திறக்கலாம். ஆனால் இப்போது அதைப் பற்றி அவனிடம் பேச வேண்டாம். இப்போது அவனுக்கு இன்றைக்கு ஒரு நாள் போதும். எங்கள் அறைகளில் 24 மணி நேரக் கணக்குத்தான்.

அவன் மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டு வரலாம். நாங்கள் அதை ஸ்லிப் என்போம். அன்றைக்குச் ‘சத்தியம் பண்ணினியே’ என்று கத்தாதீர்கள். குடித்திருக்கும்போது எதையும் பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். பசி, கோபம், தனிமை, அலுப்பு இந்த நாலில் எது முந்தின நாள் இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும். இலை விலை இறங்கின வாரம், சாவு வீடு, கல்யாண வீட்டுக் கடைசி ராத்திரி, மாலையைக் கழற்றுகிற நாள் இவையெல்லாம் நம் பக்கத்து அபாய நாட்கள். 41 நாள் இருக்க முடிந்தவனுக்கு 42-ஆம் நாள் அன்று பக்கத்தில் ஆள் வேண்டும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அவன் கடனை அடைத்தேன் என்று மட்டும் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அதைத்தான் என் மனைவியும் பத்து வருடம் செய்தாள். ஃபேக்டரிக்கு ‘காய்ச்சல்’ என்று போன் போட்டாள், கடைக்காரனிடம் அடகு வைத்த மோதிரத்தை மீட்டாள். ஒவ்வொரு தடவையும் என் குடிக்கு இன்னும் ஒரு மாதம் ஆயுள் கூடியது. குடிப்பவரின் குடும்பத்துக்காகவே அல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருக்கிறது, 1951-லிருந்து நடக்கிறது. ஏ.ஏ. எண்ணில் கேட்டால் அதையும் சொல்வார்கள். தம்பி போகிறானோ இல்லையோ, நீங்கள் போகலாம். குடித்துவிட்டு அவன் கை நீட்டினால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். நோயாளி என்பதால் அடி வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்த வாரத்துக்கு இவ்வளவு போதும். பாட்டிலை எண்ணுங்கள். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் கிழமையைக் கேளுங்கள், அல்லது நேரே ஊட்டிக்குக் காலை முதல் பஸ்ஸில் போய்விடுங்கள், ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிடும். போகிற நாள் வரை அவனாகக் குடியை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்க விசித்திரமாக இருந்தாலும் சொல்லுங்கள். ஜீப்பை அவன் ஓட்ட வேண்டாம். உடம்பு தெளிந்ததும் ஏ.ஏ. எண்ணுக்குப் போன் போட்டுக் கூட்டத்து நாளைக் குறியுங்கள். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள், வாசல் வரைக்கும். உள்ளே அவன் போனதும் எதிர்த்த டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் அவன் வெளியே வருவான், கூட ஒரு ஆளும் வருவார். அவர் எண்ணை அவன் போனில் ஏற்றிக்கொண்டானா என்று மட்டும் கேளுங்கள். வேறு எதையும் அன்றைக்குக் கேட்க வேண்டாம்.